பட்டாளத்துத் தாத்தாவை வைத்து வீட்டிலேயே ஒரு ஆவணப்படம்

ராணுவத்தில் இருந்த ஒருவர் வீட்டிலேயே இருப்பார். அவர் கதையைப் படம் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை இருக்கும், நல்ல கேமரா வாங்கியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டும் இருப்போம். கேமராவை விடுங்கள், கையில் இருக்கும் போன் போதும். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் சட்டையில் மாட்டும் காலர் மைக் ஒன்று, ட்ரைபாட் ஒன்று. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் இரண்டாவது நிமிடமே மூடிவிடுவார்கள்.

முதல் தடவை கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். எந்த வருடம் சேர்ந்தார், எந்தப் படைப்பிரிவு, என்ன பதவி, எங்கெல்லாம் இருந்தார் என்று குறித்துக்கொண்டு, பணி விடுவிப்புச் சான்று, பழைய கடிதங்கள், போட்டோக்களையும் பார்த்துவிடுங்கள். வயதானால் வருடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், காகிதம்தான் கை கொடுக்கும். தரைப்படைக்காரர் என்றால், ஏறக்குறைய பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளாட்டூன், மூன்று நான்கு பிளாட்டூன் சேர்ந்தால் கம்பெனி என்ற அளவுக்காவது தெரிந்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு விளக்குவதிலேயே அவர் கதையை விட்டுவிடுவார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், ரகசியமாக வைக்க வேண்டியதைத் தொட வேண்டாம், யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் படத்தை உங்களுக்குக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்கும் நாளில் போனை ஃபிளைட் மோடில் போட்டு, படுக்கைவாட்டில், அவர் கண் உயரத்துக்கு வையுங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழட்டும். போனில் சேமிக்க இடம் இருந்தால் 4கே என்ற அதிக நுணுக்கமான தரத்தில் எடுத்து, படத்தை 1080பி என்ற சாதாரண எச்டி தரத்தில் முடியுங்கள். ஒரே ஷாட்டைத் தூரமாகவும், முகத்துக்கு நெருக்கமாக வெட்டியும் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தால் கவனம், பெரும்பாலும் அவை இடது மார்பில் இருக்கும், அசையும்போதெல்லாம் கிணுகிணு என்று சத்தம் மைக்கில் ஏறும், அதனால் மைக்கை வலது பக்கம் மாட்டுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். (வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். நான் ஒரு தடவை மறந்து, அந்த வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இனி கேள்விகள். படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று ஆரம்பித்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. "சேரப் போன அன்னைக்கு வீட்டிலேர்ந்து என்ன எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பெட்டி, பெட்டியில் இருந்த சட்டை, வாசலில் நின்ற அம்மா என்று தானாகவே வரும். அவர் சண்டையையே பார்க்காதவராக இருக்கலாம். சமையல்காரர், டிரைவர், தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்காரர் இல்லாமல் எந்தப் படையும் நகராது, அந்தக் கதைகளை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசி முடித்ததும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பல சமயம் நல்ல விஷயம் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும். நடுவில் "உம், ஆமா" வேண்டாம், தலையாட்டினால் போதும். "1968" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் எடிட்டிங்கில் உதவாது, "நான் சேர்ந்தது 1968-ல்" என்று முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கண் கலங்கினால் கேமராவை நெருக்கிக்கொண்டு போகாதீர்கள். நிறுத்தலாமா என்று மெதுவாகக் கேளுங்கள், தொடரலாம் என்றால் தொடருங்கள். கனமான நினைவோடு மட்டும் அன்றைய பேச்சை முடிக்க வேண்டாம், ஊர் திரும்பிய நாள், கூட இருந்த நண்பர்கள் என்று கொண்டு வந்து முடியுங்கள். மறுநாள் ஒரு போன் போடுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், ஷாட்கட் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. பேச்சை வெட்டிய இடங்களைக் கடிதம், போட்டோ, அவர் கைகள் என்று வைத்து மறைக்கலாம். வேறு ஏதோ போரின் பழைய காட்சியை மட்டும் ஒட்டாதீர்கள், அவரோடு இருந்தவர்கள் துப்பாக்கியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சுக்கு அடியில் டமடம என்று இசையும் வேண்டாம்.

வெட்டாத முழுப் பதிவை அழித்துவிடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000-ல் தொடங்கப்பட்ட தன் முன்னாள் வீரர்கள் திட்டத்துக்குப் பேட்டி என்று வாங்குவதே எடிட் செய்யாத, குறைந்தது 30 நிமிடப் பதிவுகளைத்தான். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வேறு வீட்டில் வையுங்கள். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால், சான்றிதழைக் காட்டும் ஷாட்டில் அவருடைய பணி எண், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் மறைத்த பிறகு ஏற்றுங்கள்.