லண்டன் ஸ்பவுஸ் விசா: சம்பளக் கணக்கில் விடும் தவறுகள்

போன கிழமை ஒரு பிள்ளை ஸ்பவுஸ் விசாவுக்கு, அதாவது லண்டனில் இருக்கும் துணையிடம் போகும் விசாவுக்கு, கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். லண்டனில் இருக்கும் கணவரின் பே ஸ்லிப்புகள், வேலையிடத்துக் கடிதம், பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அழகாகப் பிரித்து அடுக்கியிருந்தார். “அவருக்கு வருசத்துக்கு 31 ஆயிரம் பவுண் அக்கா. 29 ஆயிரம்தானே கேக்கினம், காணும்தானே?” என்றார். நான் கடிதத்தில் வேலை தொடங்கிய தேதியைத் தேடினேன். ஓகஸ்ட் 18. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது நவம்பரில். காணாது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். இதே தவறை 2015இல் என் சொந்தத் தங்கச்சிக்கு நான் செய்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் மொழிபெயர்க்க வருகிறவர்கள் மற்றத் தாள்களையும் காட்டிக் கேட்பார்கள். அப்படித்தான் இந்த வேலைக்குள் இழுபட்டேன். படம் எந்த அளவு, பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, ஆங்கிலப் பரீட்சை எந்த மட்டம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசா மறுக்கப்பட்டு என்னிடம் வந்த கோப்புகளில் அதிகமானவை சம்பளக் கணக்கில்தான் விழுந்திருந்தன.

“இப்போதைய சம்பளம் காணும்” என்று நம்பி ஆறு மாதத்துக்கு முன் போடுவது

2012 ஜூலையிலிருந்து, அங்கே இருக்கும் துணைக்கு இருக்கவேண்டும் என்று பிரித்தானியா கேட்ட ஆண்டு வருமானம் 18,600 பவுண். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. எல்லோரும் இந்தத் தொகையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தொகையை எப்படி எண்ணுகிறார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

வேலை செய்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் முடித்திருந்தால் ஏ பிரிவு. அந்த ஆறு மாதமும் சம்பளம் தேவையான மட்டத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். ஆறு மாதம் முடியவில்லை என்றால் பி பிரிவு. அதில் இரண்டு கேள்வி: இப்போதைய சம்பளம் வருடத்துக்குத் தேவையான தொகை வருகிறதா? கடந்த 12 மாதத்தில் உண்மையில் கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் அந்தத் தொகை வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று வரவேண்டும். இரண்டாவது கேள்வியை நான் வாசிக்காமல் விட்டேன்.

தங்கச்சிக்குக் கல்யாணம் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை அப்போது மாதம் 1,300 பவுண் வேலையில் இருந்தார். வருடத்துக்கு 15,600, காணாது. நல்ல மனுசன், அலைந்து திரிந்து மாதம் 1,750 தரும் வேறு வேலை எடுத்தார். வருடத்துக்கு 21,000. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். புது வேலையில் நாலு மாதம் முடிந்த கையோடு நான் கோப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

எட்டு மாதம் 1,300 என்றால் 10,400. நாலு மாதம் 1,750 என்றால் 7,000. மொத்தம் 17,400. 18,600க்கு 1,200 பவுண் குறை. மறுப்புக் கடிதத்தில் இந்தக் கூட்டல் வரி வரியாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு அது. நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஆறு மாதம் நிறைந்து, பழைய சம்பளத்தை யாரும் திரும்பிப் பார்க்காமல் ஏ பிரிவில் போயிருக்கும்.

விண்ணப்பக் காசு போனது. காசநோய்ச் சான்றிதழ் காலாவதியாகி மறுபடி எடுத்தோம். குளிருக்கென்று புறக்கோட்டையில் வாங்கிய கோட் பத்து மாதம் அலுமாரிக் கதவில் தொங்கியது. தங்கச்சி அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். இன்றும் யாராவது “இப்ப சம்பளம் காணும்” என்று தொடங்கினால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, போடுங்கோ” என்று தெரியாமல் உந்தி விடுகிறவர்கள் மேல்.

இதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதத்தையே அளவாக எடுக்கிறார்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் சராசரி. எங்கள் ஆட்களுக்கு எந்த மாதம் குறையும்? கல்யாணத்துக்குக் கொழும்பு வந்த மாதம்தான். சம்பளமில்லா லீவில் வந்து, கோயில், ஹோல், யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீடு என்று திரிந்துவிட்டுப் போவார்கள். வருடத்துக்கு 30,000 சம்பளக்காரர் ஒருவரின் ஸ்லிப்புகளை இந்த வருடம் பார்த்தேன். ஐந்து மாதம் 2,500. கல்யாண மாதம் 1,250. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 15,000. சரி, பி பிரிவில் 12 மாத மொத்தத்தைக் காட்டுவோம் என்று கூட்டினோம். பதினொரு மாதம் 2,500, ஒரு மாதம் 1,250, ஆக 28,750. வெறும் 250 பவுண் காணாது! மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை பேனையை வாங்கித் தானே மறுபடி கூட்டிப் பார்த்தார். அந்த மாதம் ஆறு மாதக் கணக்கைவிட்டு வெளியே போகும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. மாப்பிள்ளைமாரே, கல்யாணத்துக்குச் சம்பளத்தோடு லீவு எடுத்து வாருங்கள். முடியாவிட்டால் விண்ணப்பத் தேதியை அதற்கேற்பத் தள்ளுங்கள்.

முதல் மாதமும் அப்படித்தான். ஓகஸ்ட் 18இல் வேலை தொடங்கியவருக்கு ஓகஸ்ட் ஸ்லிப் அரைச் சம்பளம். பெப்ரவரி 18இல் ஆறு மாதம் நிறைந்துவிட்டது என்று ஓடக்கூடாது. செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரை முழுச் சம்பளம் ஆறு இருக்கவேண்டும், ஆறாவதும் வங்கியில் விழுந்திருக்கவேண்டும்.

இப்போது நான் யாருக்கும் சதுர றூள் கொப்பி ஒன்றில் கோடு போட்டுத்தான் தொடங்குவேன். மாதம், ஸ்லிப்பில் வரி முதலான பிடிப்புக்கு முந்திய தொகை, கையில் வரும் தொகை, வங்கியில் விழுந்த தேதி, விழுந்த தொகை. பன்னிரண்டு வரி. ஸ்லிப்பில் கையில் வரும் தொகை 2,014 என்று இருந்து வங்கியில் 1,900 விழுந்திருந்தால் அங்கேயே நிற்போம். ஏன் என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

கையில் வாங்கும் சம்பளம்

கடைகளிலும் பெற்றோல் ஷெட்களிலும் வேலை செய்யும் பெடியளுக்கு இது சொல்லவேண்டும். காசாக வாங்கினாலும் வரி கட்டியிருந்தால் எண்ணுவார்கள். ஆனால் ஸ்லிப்பில் கையில் வரும் தொகை எதுவோ அதுவே வங்கியில் விழவேண்டும். வாடகைக்குக் கொஞ்சம், சீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டால், பிடிப்புக்கு முந்திய தொகை கணக்கில் வராது, வங்கியில் போட்டது மட்டும்தான் வரும். முதலில் முழுவதையும் போடுங்கள், பிறகு எடுங்கள்.

மனைவியின் கொழும்புச் சம்பளத்தைச் சேர்ப்பது

இங்கிருந்து போடும்போது அது கணக்கில் இல்லை. வங்கி மனேஜராக இருந்தாலும் இல்லை.

“மாமா காசு போட்டுவிடுவார்”

சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் வேண்டும். முதல் 16,000 கணக்கில் சேராது. அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுப்பார்கள். சம்பளம் 25,000 என்றால் குறை 4,000. அதை இரண்டரையால் பெருக்கி 16,000ஐக் கூட்டினால் 26,000 பவுண் சேமிப்பு. அந்தக் காசு ஆறு மாதம் உங்கள் பேரில் இருந்திருக்கவேண்டும். மாமா அன்பளிப்பாகத் தரலாம், கடனாகத் தரமுடியாது. போன மாதம் விழுந்து அடுத்த மாதம் திரும்பப் போகும் காசை ஸ்டேட்மென்ட் பார்க்கிறவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

காணி உறுதியைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டு. காணியின் பெறுமதி செல்லாது. ஆனால் காணியோ ஃபிளாட்டோ ஆறு மாதத்துக்கு முன்பே உங்கள் பேரில் இருந்து, அதை விற்ற காசு இப்போது வங்கியில் இருந்தால், அந்தக் காசு இன்னொரு ஆறு மாதம் படுத்திருக்கத் தேவையில்லை. உறுதியும் விற்பனைத் தாள்களும் ஆங்கிலத்தில் வேண்டும்.

சொந்தத் தொழிலில் இலாபத்தைக் குறைத்துக் காட்டியிருப்பது

வண்டி ஓட்டுகிறவர், சொந்தப் பேரில் கடை வைத்திருப்பவர் போன்றோருக்கு வரிக்கணக்கில் காட்டிய இலாபம்தான் வருமானம். விற்பனை 60 ஆயிரம் என்பதால் பிரயோசனம் இல்லை. வரியைக் குறைக்கவென்று செலவுகளை அடுக்கி இலாபத்தை 17 ஆயிரமாகக் காட்டிவிட்டு, பிறகு மனைவிக்குப் போடும்போது அழுகிறார்கள். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது, முடிந்த முழு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அடுத்த வருடம் கல்யாணம் என்றால் இந்த வருடக் கணக்கிலிருந்தே யோசிக்கவேண்டும். சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் குறையை நிரப்பவும் முடியாது.

பழைய கடிதம்

வேலையிடத்துக் கடிதம் விண்ணப்பத் தேதிக்கு முந்திய 28 நாளுக்குள் எழுதியதாக இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் புதிதாக எடுங்கள்.

கனடாக்காரர் சொன்னதைக் கேட்டு நடப்பது

ஒரு குடும்பத்திலேயே ஒருவர் டொரொண்டோ, ஒருவர் லண்டன், ஒருவர் நியூ ஜேர்சி. ஆளுக்கொரு விதி சொல்வார்கள், அவரவர் நாட்டுக்கு அது சரியும்கூட. கனடாவில் மனைவிக்குப் போடப் பொதுவாக வருமான எல்லையே இல்லை. ஆனால் போடுகிறவர் இயலாமை தவிர வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணத்தில் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் வறுமைக் கோட்டின் 125 வீதம், அது காணாவிட்டால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பு நிற்கலாம். பிரித்தானியாவில் அப்படி இன்னொருவர் நிற்பதைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள்.

தங்களுக்குள்ள சலுகையைத் தெரியாமல் இருப்பது

இது பிழை விடுவதைவிடக் கவலையானது. லண்டனில் இருப்பவர் பிஐபி எனும் இயலாமைக் கொடுப்பனவோ, ஒருவரைப் பராமரிப்பதற்கான கேரர்ஸ் அலவன்ஸோ எடுத்தால் 29,000 என்ற தொகையே அவருக்கு இல்லை. வீட்டு வாடகை போக மிச்சம் குடும்பம் நடத்தப் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள். தாயைப் பராமரிப்பதற்காக வேலையைக் குறைத்த ஒருவர், 29,000 எட்டமுடியாது என்று இரண்டு வருடம் போடாமலே இருந்தார். அவருடைய மனைவி தெகிவளையில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஒரு கேள்வி கேட்க ஆளில்லாமல் போன இரண்டு வருடம்.

அதேபோல 2024 ஏப்ரல் 11க்கு முன் முதல் விசாவுக்குப் போட்டு எடுத்தவர்கள், அதே துணையோடு நீடிக்கும்போது பழைய 18,600தான்.

மறுத்தால் எல்லாக் காசும் திரும்பும் என்று நினைப்பது

வருடத்துக்கு 1,035 பவுண்படி கட்டும் சுகாதாரக் கட்டணம், இந்த விசாவுக்கு 3,105, அது திரும்பும். விண்ணப்பக் கட்டணம் திரும்பாது.

நவம்பரில் வந்த அந்தப் பிள்ளையின் கணவர் முன்பு 24 ஆயிரத்துக்கு வேலை செய்தவர். 12 மாதத்தையும் கூட்டிப் பார்த்தோம், 26 ஆயிரத்தைத் தொடவில்லை. மார்ச் முதல் கிழமை, பெப்ரவரிச் சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு, புதுக் கடிதத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். காசநோய்ப் பரிசோதனைக்கு அடுத்த நாளே போக இருந்தார். அதையும் நிறுத்தச் சொன்னேன். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும்.