தளம் போடும் முன் ஃபேன் பாக்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி

"இந்த ரூமுக்கு ஏசி வரப்போகுது, ஃபேன் வேண்டாம், நடுவுல ஒரு லைட் பாயிண்ட் போதும்" என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் நான் விடமாட்டேன். லைட் இருக்கட்டும், ஆனால் மேலே வைக்கிற பெட்டி ஃபேன் தாங்குகிற பெட்டியாகவே இருக்கட்டும் என்று வற்புறுத்துவேன். வீடுகளுக்கு வயரிங் செய்பவன் என்ற முறையில் இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குழந்தை பிறந்தாலோ, வயதானவர்கள் கூட வந்து தங்கினாலோ, ஏசி பழுதானாலோ அந்த அறைக்கு ஃபேன் தேவைப்படும். அன்றைக்குக் கான்கிரீட்டைக் குடைவதைவிட இன்றைக்குக் கூடுதலாக ஒரு கம்பி வைப்பது எளிது.

லைட்டுக்கான பெட்டியில் விளக்கைப் பிடித்திருப்பது இரண்டு மெல்லிய திருகுகள். சும்மா தொங்கும் விளக்குக்கு அது போதும். வீட்டு ஃபேன் பெரும்பாலும் நாலைந்து கிலோதான், ஆனால் அது சுற்றுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு உதறல், இறக்கையில் சிறிய எடை வித்தியாசம் இருந்தால் ஓயாத ஆட்டம். திருகு தளர்வது எடையால் அல்ல, இந்த ஆட்டத்தால். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 2020 பதிப்பு, வசிக்கும் அறைகளில் ஃபேன் வரக்கூடிய இடத்திலுள்ள கூரைப் பெட்டிகள் முதலிலேயே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே மரக் கூரைகள் அதிகம். அதனால் பெட்டியை உத்தரத்தோடு இறுக்குவார்கள். மரக் கூரை உள்ளவர்கள் பெட்டியின் மேல் 'ஃபேனுக்கு ஏற்றது' என்ற குறிப்பைப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. மீதி, உத்தரத்திலோ இரண்டு உத்தரங்களுக்கு நடுவே போடும் குறுக்குச் சட்டத்திலோ அதை முடுக்குவது.

கான்கிரீட் தளத்தில் கதை வேறு. இங்கே ஃபேனைத் தாங்குவது பெட்டி இல்லை, உள்ளே இருக்கும் கொக்கிக் கம்பி. பெட்டி வெறும் இடம் ஒதுக்கித் தருகிறது. இது புரிந்துவிட்டால் இரும்பா பிவிசியா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். கம்பி சரியாக இருந்தால் பிவிசி பெட்டி போதும். கம்பி பெட்டியின் சுவரோடு நின்றுவிட்டால் கனமான இரும்புப் பெட்டியும் எனக்கு வேண்டாம், ஏனென்றால் முழுப் பாரமும் அந்தத் தகட்டின் மேல் விழும்.

வாங்கும்போது கம்பியை முதலில் பாருங்கள். 12 மி.மீ.க்குக் குறைந்த கம்பியை நான் தொடுவதில்லை. பெட்டியின் இரு பக்கமும் அது நன்றாக வெளியே நீண்டு, முனைகள் வளைந்திருக்க வேண்டும். வழவழப்பான நேர்க்கம்பி கான்கிரீட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் நிற்கும். துருப் பிடிக்காமலிருக்க, பெட்டிக்குள் தெரியும் பகுதிக்கு மட்டும் பெயிண்ட் அடியுங்கள். கான்கிரீட்டில் புதையும் பகுதியில் பெயிண்டும் எண்ணெயும் படக் கூடாது.

அடுத்தது ஆழம். கடைக்குப் போகும்போது ஒரு ஃபேனின் ஷேக்கிளையும் (ராடின் மேல் முனையில் வரும் U வடிவ இரும்புப் பிடி) அதில் மாட்டும் ரப்பர் உருளையையும் கையோடு கொண்டுபோங்கள். கொக்கிக்கும் பெட்டியின் மேல்தகட்டுக்கும் நடுவே அந்த உருளை நுழைந்து, போல்ட்டும் மாட்ட வேண்டும். கையில் மாட்டிப் பார்க்க முடியாத பெட்டியை ஏணி மேல் நின்று மாட்டவே முடியாது. பெட்டியின் வாய் ஃபேனின் மேல் கப் மூடுகிற அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நல்ல பெட்டியை வாங்கி மோசமாக வைத்தால் பயனில்லை. கொக்கியின் இரு கைகளும் கீழ்வரிசைக் கம்பி வலையின் மேல் ஏறி உட்கார வேண்டும். வலைக்குக் கீழே வைத்துக் கட்டுகம்பியால் முடிந்தால், பாரத்தைத் தாங்குவதில் அந்த மெல்லிய கட்டுகம்பிக்கும் பங்கு வந்துவிடும். மேலே ஏறி உட்கார்ந்தால் கீழே இழுக்கிற ஒவ்வொரு இழுப்பையும் தளத்தின் கம்பியே வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் கொட்டும் நாளில் நான் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன். பெட்டிக்குள் தெர்மகோல் அடைத்து வாயை ஒட்டி, பைப் மூட்டுகளை ஒருமுறை அசைத்துப் பார்த்து, சுற்றிலும் வைப்ரேட்டர் போடச் சொல்வேன். பைப்புக்குள் சிமெண்ட் பால் இறங்கி உறைந்துவிட்டால் பிறகு வயர் இழுக்க வழியே இருக்காது.

இடம் குறிக்கும்போது அறையின் நடு என்று மட்டும் பார்க்காதீர்கள். அலமாரி, பரண் போக மீதமுள்ள இடத்தின் நடு. 1200 மி.மீ. ஃபேனுக்கு நடுவிலிருந்து இறக்கை நுனி 60 செ.மீ., அங்கிருந்து சுவருக்கு 45 செ.மீ. விடுங்கள். அப்படியானால் பெட்டி எந்தச் சுவரிலிருந்தும் 105 செ.மீ. தள்ளியாவது இருக்க வேண்டும். உயரத்தில், இறக்கைக்கும் கூரைக்கும் 30 செ.மீ., இறக்கைக்கும் தரைக்கும் 2.4 மீட்டர் கிடைத்தால் நிம்மதி. இறக்கை வீச்சுக்கு மேலே விளக்குப் பெட்டி வைத்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். விளக்கை வீச்சுக்கு வெளியே தள்ளுங்கள்.

வயர் விஷயம் சுருக்கம்: ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வயர், லைட்டுக்குத் தனி சுவிட்ச் வயர், நியூட்ரல், எர்த். பெட்டி இரும்பானால் எர்த்தைப் பெட்டியோடும் இணைக்க வேண்டும். இப்போது வயர் இழுக்கவில்லை என்றால் பைப்பில் இழுகம்பியையாவது விட்டுவையுங்கள். சுவிட்ச் போர்டில் ரெகுலேட்டருக்கு ஓர் இடம் காலியாக இருக்கட்டும்.

ஃபால்ஸ் சீலிங் வருகிற வீட்டில் ஃபேன் ஜிப்சம் சட்டத்தில் தொங்கக் கூடாது. நீளமான ராடு போட்டு மேல் தளத்தின் கொக்கியிலேயே மாட்ட வேண்டும். சீலிங் மூடுவதற்கு முன் இரண்டு சுவர்களிலிருந்து பெட்டிக்கு உள்ள தூரத்தை டேப் பிடித்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

தளம் போட்டு முடித்த வீடு என்றால் மரக்கட்டை அடித்துத் திருகு போடும் வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆங்கர் போல்ட்டும் இரும்பு கிளாம்ப்பும் கேளுங்கள். பூச்சில் மட்டும் பிடித்தால் போதாது, போல்ட் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். ஓடு, மண்கலம் வைத்துப் போட்ட ஃபில்லர் ஸ்லாப்பில் கான்கிரீட் பட்டை ஓடும் இடத்தில்தான் துளை போடலாம். அடுக்குமாடியில் இழுவிசைக் கேபிள் (கான்கிரீட்டுக்குள் இறுக்கி இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்) உள்ள தளம் என்றால், கேபிள் போகும் பாதையைக் கட்டடப் பொறியாளர் குறித்துத் தரும் வரை டிரில்லைத் தூக்கவே வேண்டாம்.