எடை மேடையில் தீர்ந்த ஆட்டம்

சம்பா அறுவடைக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மிஷினோடு போகும் எங்கள் பிக்கப்பில் படுக்கை கேபின் உண்டு. பின்னால் வெல்டிங் ஜெனரேட்டர் ஏற்றிய சின்ன டிரெய்லர். வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும், ஸ்டியரிங் லேசாகிவிடும். "காத்து கம்மியா இருக்கும்ணே" என்றான் டிரைவர் தம்பி. காற்று சரியாகத்தான் இருந்தது.

ரைஸ் மில் எடை மேடையில் முழு வண்டியையும், அப்புறம் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தோம். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்தால் மிஞ்சுவதற்குள் கேபின், ஆட்கள், சாமான், கொக்கியில் அழுத்தும் டிரெய்லர் எடை எல்லாமே அடங்க வேண்டும். இழுக்கிற திறனை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். 200 லிட்டர் டீசலே ஏறக்குறைய 165 கிலோ. எங்கள் டீசல் பேரல் கேபின் கடைசியில் நின்றது. படுக்கிற இடத்தில் டீசல் எதற்கு?

பேரலை டிராக்டருக்கு மாற்றினோம். ஜெனரேட்டரை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, கொக்கிப் பக்கம் டிரெய்லரைத் தாங்கும் முன்காலை மட்டும் மேடையில் ஊன்றி நிறுத்துப் பார்த்தோம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் ஆடும், மிஞ்சினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும்.

ஆட்டம் நின்றுவிட்டது. வாய்க்கால் ஓரச் சாலையில் 40-ஐத் தாண்டாதே என்று மட்டும் தம்பியிடம் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.