.22 எடுத்து முயல் சுடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நியூசிலாந்தின் தென்தீவுக்கு வந்து சேரும் நம்மவர்களில் சிலர், வேலை வீடு எல்லாம் நிலைபெற்றதும் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கிறார்கள். உடனே என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த பாயிண்ட் டூ டூ வாங்கலாம்?" (0.22 அங்குலக் குண்டு போடும் சிறு ரைஃபிளைத்தான் அப்படிச் சொல்வோம்.) சீஸெட் 457, டிக்கா டி1எக்ஸ், 1964-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ரூகர் 10/22 என்று வாரக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். என்னைக் கேட்டால் பழைய பிர்னோ மாடல் 2. செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்துச் சரக்கு. இரும்பும் மரமும்தான், பிளாஸ்டிக் வாசனையே கிடையாது. கையில் எடுத்தவர் திருப்பித் தர யோசிப்பார்.

ஆனால் இந்த நான்கில் எதை வாங்கினாலும் 50 மீட்டரில் முயல் விழும். விழவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பள்ளங்கள் எனக்கும் பழக்கமானவை. லைசென்ஸ் வகுப்பில் சொல்லித்தரும் ஏழு பாதுகாப்பு விதிகளை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. அவை மனப்பாடம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். இங்கே நிலைமை தலைகீழ். 1830-களில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த முயல், ஒட்டாகோ, மெக்கன்சி பக்கத்து மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்துவிட்டது. அதை அடக்குகிறோம் என்று 1880-களில் கீரி மாதிரியான ஸ்டோட், ஃபெரட் என்ற வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை முயலோடு நிற்காமல், பறக்கத் தெரியாத பறவைகளையும் தின்னத் தொடங்கின. அது தனிக்கதை. பண்ணைக்காரர்கள் இன்றும் "வந்து சுட்டுவிட்டுப் போங்கள்" என்றுதான் சொல்கிறார்கள்.

பெரிய துப்பாக்கியின் ஸ்கோப்பைக் கழற்றி .22-இல் மாட்டுவது

மான் சுடும் ரைஃபிளுக்கான ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பெரும்பாலும் 100 கெஜத் தூரத்துக்கு ஏற்றபடி அமைத்து வரும். பக்கவாட்டில் அதைச் சரிசெய்யும் திருகு இல்லாத ஸ்கோப்பாக இருந்தால், 25 மீட்டரில் நிற்கும் முயலை அதில் பார்க்கும்போது கண் கொஞ்சம் விலகினாலும் குறி விலகும். சோதிப்பது சுலபம். காலி ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கை படாமல், தலையை மட்டும் இப்படி அப்படி நகர்த்திப் பாருங்கள். குறுக்குக் கோடு எதிரே வைத்த குறி அட்டையின் மேல் ஊர்ந்து போனால் அந்த ஸ்கோப் இந்த வேலைக்கு ஆகாது. ரிம்ஃபயருக்கென்றே (.22 மாதிரி, ஊசி தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் ரகம்) 50 கெஜத்துக்கு அமைத்து வருவதை வாங்குங்கள், விலையும் குறைவு.

கிடைத்த தோட்டாவைப் போட்டுச் சுடுவது

எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்காத விஷயம் இது. எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவதும் இதுதான்.

ஒரு தம்பி, புது ரைஃபிள். கிளப் மைதானத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து 50 மீட்டருக்கு அழகாக ஜீரோ செய்தான், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தான். போட்டது வேகமான தோட்டா, நொடிக்கு சுமார் 376 மீட்டர் போகும் ரகம். பிறகு ஒரு பண்ணையில் அனுமதி கிடைத்தது. அது ஆடுகள் குட்டி போடும் பருவம், "சத்தம் வேண்டாம்" என்றார் பண்ணைக்காரர். சைலன்சர் இருக்கிறது, இங்கே அது சர்வசாதாரணம். ஆனால் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால் எழும் 'டப்' சத்தத்தை எந்த சைலன்சராலும் அடக்க முடியாது. ஆக, ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போகும் சப்சானிக் தோட்டா வேண்டும். ஒரு கடையில் போய்க் கேட்டிருக்கிறான். "எல்லாம் டூ டூ தானே, போட்டுச் சுடு" என்று ஒரு பெட்டியை நீட்டிவிட்டார்கள். மறுபடி ஜீரோ பார்க்கவில்லை. நேரே பண்ணைக்கு வந்துவிட்டான்.

மாலையில் காட்டு ரோஜாப் புதரோரம் ஒரு முயல். சரியாக 50 மீட்டர். தலையில் குறிவைத்தான், நிதானமாகத்தான் சுட்டான். முயல் ஒரு துள்ளு துள்ளி, தாடை தொங்க வளைக்குள் போய்விட்டது. தோண்டி எடுக்கவும் முடியாது, இன்னொரு குண்டு போடவும் முடியாது. அது உள்ளே கிடந்து எப்போது செத்ததோ. "அண்ணா, ஸ்கோப் நகர்ந்திருக்கும் போல" என்றான். ஸ்கோப்பாவது, நகர்வதாவது.

கணக்கைப் பாருங்கள். சப்சானிக் குண்டு நொடிக்கு சுமார் 320 மீட்டர். மெதுவாகப் போவதால் வழியில் அதிகம் இறங்கும். வேகமான தோட்டாவுக்கு வைத்த ஜீரோவில் இதைச் சுட்டால், 50 மீட்டரில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கீழே படும். முயலின் தலையில் உடனே உயிர் போகும் இடமே நான்கைந்து சென்டிமீட்டர்தான். மூளைக்கு வைத்த குறி தாடைக்குப் போனதில் ஆச்சரியம் என்ன? கீழே மட்டும் போகும் என்றும் சொல்ல முடியாது. தோட்டா மாறினால் குழல் அதிரும் விதமும் மாறும், குண்டு இடம் வலமாகவும் விலகும். எவ்வளவு என்பது உங்கள் ரைஃபிளுக்குத்தான் தெரியும். ஒரே கம்பெனி ஒரே மாடலில் செய்த இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட ஒரே தோட்டா பிடிக்காது.

"அப்படியானால் எப்போதும் வேகமானதையே போடுகிறேன்" என்பார்கள் சிலர். கேன்டர்பரியின் வடமேற்குக் காற்றில் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பக்கக் காற்றில் அதிகம் ஒதுங்குவது வேகமான .22 தோட்டாதான். ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பும் குண்டு காற்றோடு மோதி வேகத்தைச் சடசடவென்று இழக்கும், அந்த இழப்புக்கு ஏற்பத்தான் பக்கவாட்டில் தள்ளப்படும். முதலிலேயே மெதுவாகக் கிளம்பும் குண்டுக்கு அந்த இழப்பு குறைவு. முதல் முறை கேட்கிறவர்கள் யாரும் நம்புவதில்லை.

இன்னொன்று, குளிர். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒட்டாகோவின் உறைபனி இரவில், பூஜ்ஜிய டிகிரியில், 331. 'ஸ்டாண்டர்ட்' என்று விற்கும் தோட்டா 326 பக்கம் போகும். கோடையில் சத்தமில்லாமல் போன அதே பெட்டி, ஜூலையில் அவ்வப்போது 'டப்' என்று காட்டிக்கொடுக்கலாம். சத்தம்தான் முக்கியம் என்றால் சப்சானிக் என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.

சரி, என்ன செய்வது? நான்கைந்து வகைகளில் ஐம்பது தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். காற்றில்லாத காலையில், மூட்டை மேல் வைத்து, 50 மீட்டரில் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு குழலுக்குள் படிந்து, பழையது போய்ப் புதியது நிலைக்க அவ்வளவு வேண்டும். அப்புறம் ஐந்தைந்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். பலமுறை விலை மலிவான பெட்டியே ஜெயிக்கும். ஜெயித்ததில் ஒரே லாட் எண் உள்ளதாக ஐந்நூறு வாங்கி, அதற்கு ஜீரோ வைத்து, தோட்டாவின் பெயரை ஒரு துண்டு டேப்பில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிடுங்கள். மிச்சம் மீதிப் பெட்டிகளை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். ஜாக்கெட் பையில் இரண்டு வகை கலந்துவிட்டால் இருட்டில் விரல் தடவி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

முதல் துப்பாக்கியே .17 எச்எம்ஆர்

0.17 அங்குலக் குண்டு போடும் ரிம்ஃபயர் ரகம். 2002-இல் வந்தது, வேகம் நொடிக்கு 775 மீட்டருக்கு மேல், 100 மீட்டரிலும் கோடு போட்டது மாதிரி போகும். ஆனால் தோட்டா விலை அதிகம், அதனால் பயிற்சி குறையும். சத்தத்தை அடக்க வழியில்லை. உடம்பில் பட்டால் கறியும் மிஞ்சாது. இரண்டாவதாக வாங்குங்கள்.

குழலைத் தேய்த்துக்கொண்டே இருப்பது

.22 குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய வெறும் ஈயம். குழலை அது தேய்ப்பதைவிட, துடைப்பதற்கு வாய்ப்பக்கமாக நீங்கள் விடும் இரும்புக் கம்பிதான் அதிகம் தேய்க்கும். குண்டு வெளியேறும் விளிம்பு ஒருமுறை தேய்ந்தால் குறி போச்சு. ரூகர் மாதிரி பின்பக்கமாகக் கம்பி விட முடியாதவற்றுக்கு இழுகயிறு இருக்கிறது. தோட்டா அமரும் அறையை மட்டும் அடிக்கடி துடைத்தால் போதும்.

பழைய ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் விசையைச் சொடுக்குவது

வேண்டாம். ஊசி, அறையின் விளிம்பைக் குத்தும்.

100 மீட்டர்

.22-க்கு அந்தத் தூரம் குறி அட்டைக்கு மட்டும், முயலுக்கு அல்ல.

கண் மின்னியதும் சுடுவது

இரவில் விளக்கடித்தால் முயலின் கண் மட்டுமா மின்னுகிறது? ஆட்டுக்குட்டி, பண்ணை நாய், பூனை எல்லாம் மின்னும். காது தெரியவேண்டும், உடம்பு தெரியவேண்டும், அதற்குப் பின்னால் மண்மேடு தெரியவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரல் விசைக்கு வெளியே. சின்னக் குண்டுதானே என்று நினைக்காதீர்கள். தடுப்பில்லாவிட்டால் .22 ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும். மத்திய ஒட்டாகோவில் எங்கு பார்த்தாலும் பாறை. மெதுவான ஈயக் குண்டு பாறையில் பட்டாலும் தண்ணீரில் பட்டாலும் எகிறித் திசைமாறிப் போகும்.

கேட்காமல் சட்டியில் போடுவது

மிளகு தட்டிப்போட்ட முயல் வறுவலுக்கு நானும் அடிமைதான். ஆனால் முயல் தொல்லை அதிகமுள்ள பண்ணைகளில் துப்பாக்கி மட்டும் வேலை செய்வதில்லை. பிண்டோன், 1080 என்று விஷத் தீனியும் வைப்பார்கள். பிண்டோன் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விஷம். தின்ற முயல் உடனே சாகாது, நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சுட்டது அதில் ஒன்றா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அனுமதி கேட்கும் அதே போனிலேயே, இங்கே விஷம் வைத்தீர்களா, எப்போது, பக்கத்துப் பண்ணையிலும் வைத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்குச் சுட்டதெல்லாம் குழிக்குத்தான். உங்கள் நாய்க்கும் போடாதீர்கள்.