முதலில் ஏலக்காய் ஊர், பிறகு முங்க்: நோர்வேயின் கலைஞர்களை அறிந்துகொள்ள ஒரு வழி

முதல் வேலை, பெயர்களை வாயில் பழக்குவது. 'அலறல்' ஓவியத்தை வரைந்தவர் மஞ்ச் இல்லை, மன்ச்சும் இல்லை, முங்க். இசையமைப்பாளர் கிரீக் என்று நாம் படித்தவரை இங்கே சட்டென்று 'க்ரிக்' என்பார்கள். வீகெலான், உன்செட் என்ற பெயர்களை எழுதும்போது ஒரு 'd' வரும், சொல்லும்போது வராது. இது தெரியாவிட்டால் சக வேலையாள் மதியச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தரம் சொன்ன பெயரையே நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள். கூகுளில் தேடவும் எழுத்து வராது.

எல்லோரும் முங்கிலிருந்துதான் தொடங்குவார்கள். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அப்படித் தொடங்காதீர்கள். பார்னஹாகெ என்ற பாலர் பள்ளியில் பிள்ளை முதல் மாதமே பாடிக்கொண்டு வரப்போவது தோர்பியோர்ன் எக்னரை. 1955-இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சின்ன ஊர், அதன் பெயரே கார்டமொம்மெ, அதாவது ஏலக்காய். காஸ்பர், யெஸ்பர், யொனத்தான் என்று மூன்று கள்ளர். அவர்களையே அதட்டி வேலை வாங்கும் சோஃபி மாமி. யாரையும் பிடித்து அடைக்க மனம் வராத பொலிஸ் அதிகாரி பஸ்தியன். ஊருக்கு ஒரேயொரு சட்டம்: பிறரைத் தொல்லைப்படுத்தாதே, நல்லபடி நட, மற்றப்படி உன் விருப்பம். இந்தச் சட்டத்தை நோர்வேஜியப் பெரியவர்கள் பாட்டாகவே ஒப்பிப்பார்கள். குடியிருப்போர் கூட்டத்திலும் பகிடியாக எடுத்துவிடுவார்கள். அப்போது சிரிக்கத் தெரிய வேண்டும். கிறிஸ்தியான்சான் நகர விலங்குப் பூங்காவில் அந்த ஊரையே வீடு வீடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே எக்னரின் 'காரியுஸும் பக்துஸும்' 1949-இல் வந்தது. பல்லில் குடியிருந்து கொத்தித் தின்னும் இரண்டு குட்டிப் பூதங்களின் கதை. பல் வைத்தியர் பிள்ளையிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஏதோ நோய்ப்பெயர் என்று பதறவேண்டாம். அல்ஃப் ப்ரொய்சனின் தேக்கரண்டி அளவுக்குச் சுருங்கும் கிழவியும், சின்ன அடுக்குமாடி வீட்டுக்குள் எட்டுப் பிள்ளைகளையும் வாசலில் ஒரு லொறியையும் வைத்துக் குடித்தனம் நடத்தும் குடும்பத்தைப் பற்றி ஆன்னெ-கத் வெஸ்ட்லி எழுதியவையும் அடுத்துப் படிக்க வேண்டியவை. வெஸ்ட்லியின் மொழி அன்றாடப் பேச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. மொழி வகுப்புப் புத்தகத்தைவிட அது கூடப் பயன்படும் என்பது எங்கள் எண்ணம்.

பழங்கதைகளை 1840-களில் ஊர் ஊராகத் திரட்டியவர்கள் அஸ்பியோர்ன்சன், மூ என்ற இருவர். அவற்றுக்குப் பூத முகம் கொடுத்தவர் ஓவியர் தியொடோர் கித்தெல்சன் (1857–1914). பாசி படர்ந்த மூக்கோடு மலைபோல நடந்து வரும் ட்ரொல் எல்லாம் அவர் கைவண்ணமே. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் ட்ரொல் பொம்மையைப் பார்த்து அவரை எடைபோடக் கூடாது. கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிய படங்களில் அவர் நோயை ஒரு கிழவியாக வரைந்தார். கிழவியின் பெயர் பெஸ்தா. அவள் வாரியோடு வந்தால் அதன் பல்லிடுக்கில் தப்பி ஊரில் சிலர் மிஞ்சுவார்கள். விளக்குமாற்றோடு வந்தால் ஒருவரும் மிஞ்சார். நம் ஊர் அம்மை நம்பிக்கைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் படம் முன்னால் நிற்கும்போது விளக்கம் தேவைப்படாது.

இனி முங்க். 1863-இல் பிறந்து 1944-இல் இறந்தார். ஐந்து வயதில் தாயையும், பதின்மூன்று வயதில் அக்கா சோஃபியையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 'அலறல்' ஒன்றல்ல, ஒஸ்லோவில் இரண்டு இடங்களில் இருக்கிறது. எல்லோரும் படத்தில் பார்த்த 1893-ஆம் ஆண்டு ஓவியம் நகரசபைக்கு அருகிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், முங்க் அறையில் தொங்குகிறது. பியோர்விக்காவில் 2021-இல் திறந்த 13 மாடி முங்க் அருங்காட்சியகத்தில் ஓவியம், கிரேயான் சித்திரம், கல்லச்சுப் படி என மூன்று வடிவங்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறந்து காட்டுவார்கள். மற்ற இரண்டும் இருட்டில் ஓய்வெடுக்கும். எல்லாம் மலிவான அட்டையிலும் தாளிலும் செய்தவை, வெளிச்சம் பட்டால் வெளிறும், அதனால்தான் இந்த முறை. இது தெரியாமல் போகிறவர்கள் கல்லச்சுப் படியைப் பார்த்துவிட்டு 'நிறமே இல்லையே' என்று ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கேயே சிறிது நேரம் சுற்றுங்கள், முறை மாறும்.

1893 ஓவியத்தின் மேல் இடது மூலையை உற்றுப் பாருங்கள். சிவப்பு வானத்தின் மேல் பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வரி: பைத்தியக்காரன் ஒருவனால்தான் இதை வரைந்திருக்க முடியும். யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நெடுங்காலம் பேசினார்கள். 2021-இல் அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியது முங்கே என்று அருங்காட்சியகம் முடிவுக்கு வந்தது. அதே அறையில் 'நோயுற்ற பிள்ளை'யையும் விட்டுவிடாதீர்கள். தலையணையில் சாய்ந்த சோஃபியின் நினைவு அது. முங்க் பூசுவதும் சுரண்டுவதும் மறுபடி பூசுவதுமாக இருந்ததால் படம் முழுக்கக் கீறல். கிட்டப் போய்ப் பக்கவாட்டில் நின்றால்தான் அந்தத் தடங்கள் தெரியும்.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு இடங்களிலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம். தேசிய அருங்காட்சியகம் திங்கட்கிழமை பூட்டு. முதுகுப்பை, குடை, பெரிய கைப்பை எல்லாம் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். இன்னொன்று: இங்கே தரைத்தளம்தான் 1-ஆம் மாடி. '2' என்று போட்டிருந்தால் ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். நம் கணக்கில் இரண்டு ஏறிவிட்டு அறையைத் தேடாதீர்கள்.

தேசிய அருங்காட்சியகத்தில் ஹரால்ட் சூல்பெர்க்கின் 'ரொண்டானெயில் குளிர்கால இரவு' (1914) இருக்கிறது. முழுக்க நீலம், நடுவில் ஒரே நட்சத்திரம். முதல் குளிர்காலத்தைக் கடந்த பிறகு பார்த்தால் இதன் அருமை தெரியும். நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் ஹன்னா ரிக்கென் (1894–1970) பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இட்லருக்கும் முசோலினிக்கும் எதிராகத் தறியில் குரல் கொடுத்தவர். 2011 யூலை 22 குண்டுவெடிப்பில் அரசாங்கக் கட்டடத்தில் இருந்த அவருடைய பெரிய திரைச்சீலை கிழிந்தது. தைத்துச் சீர்செய்தவர்கள் கிழிந்த வடுவை முற்றாக மறைக்கவில்லை.

சிற்பத்துக்குக் காசே வேண்டாம். குஸ்தாவ் வீகெலானின் (1869–1943) பூங்கா நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. மயூர்ஸ்தூன் தெ-பானெ (மெட்ரோ) நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 1921-இல் ஒஸ்லோ நகரசபை அவருக்கு வேலைக்கூடமும் வீடும் கட்டித்தர, அவர் தன் படைப்புகளை எல்லாம் நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே கருங்கல்லில் 121 உருவங்கள் பின்னிப் பிணைந்து ஏறும் தூண் 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று கற்தச்சர் 14 ஆண்டு செதுக்கியது. உருவங்கள் எல்லாம் நிர்வாணம். ஊரிலிருந்து வந்த அம்மம்மாவைக் கூட்டிப்போகும் முன் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. கோபக்காரச் சின்னப் பையனின் கையைப் பிடித்துப் படம் எடுக்கும் வழக்கத்தால் அந்த வெண்கலக் கை மட்டும் பளபளக்கும். பிடிக்காமல் படம் எடுங்கள்.

நாடகாசிரியர் இப்சனை (1828–1906) மேடையில் பார்க்க ஆசைப்பட்டு, மொழி புரியாமல் பாதியில் எழுந்து வருவது வழக்கமாக நடக்கும் பிழை. கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போங்கள். 'பொம்மை வீடு' (1879) என்றால் கடைசியில் நோரா கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் இதை மேடையேற்ற முடியாது என்றதும், அவள் போகாமல் நிற்கும் வேறு முடிவு ஒன்றை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார். 'மக்கள் விரோதி' (1882), ஊருக்கு வருமானம் தரும் குளியலகத்தின் தண்ணீர் நஞ்சு என்று சொன்ன மருத்துவருக்கு எதிராக ஊரே திரண்டு அவர் வீட்டில் கல்லெறியும் கதை. சத்யஜித் ராய் இதையே 1989-இல் கோயில் தீர்த்தத்துக்கு மாற்றி வங்காளத்தில் படமாக்கினார். அதைப் பார்த்துவிட்டுப் போனால் நாடகம் பாதி புரிந்துவிடும். பத்திரிகையில் 'லிவ்ஸ்லொய்ன்' என்று வந்தால் வாழ்வதற்காக ஒருவர் தனக்கே சொல்லிக்கொள்ளும் பொய் என்று பொருள். 'காட்டு வாத்து' நாடகத்திலிருந்து வந்த சொல் அது. நாடகத்துக்கு 10 நிமிடம் முந்திப் போங்கள். மேலங்கியைக் கழற்றி வைக்க வரிசை நிற்கும், நேரமானால் கதவைச் சாத்திவிடுவார்கள். சீட்டில் எந்த மேடை என்றும் பாருங்கள். ஒரே தியேட்டருக்கு வேறு இடத்திலும் மேடை இருக்கலாம்.

புத்தகத்துக்கு நூலகம்தான். அடையாள அட்டையைக் காட்டி லோனெகோர்ட் என்ற நூலக அட்டை எடுத்தால் நாடெங்கும் செல்லும், கட்டணம் இல்லை. சின்னப் பிள்ளைக்கு எடுக்கப் பெற்றாரின் ஒப்பம் வேண்டும். கேட்க வேண்டிய சொல் 'லெத்லெஸ்ட்', எளிய நடைப் புத்தகங்கள் என்று பொருள். தமிழ்ப் புத்தகங்களும் வேண்டுமென்றால் பன்மொழி நூலகச் சேவையிலிருந்து தருவித்துத் தரச் சொல்லுங்கள். அது பலருக்குத் தெரியாது.

எதை எடுப்பது? க்னுத் ஹம்சுனின் நோபெல் நாவலை க.நா.சு. 'நிலவளம்' என்று எப்போதோ தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். தமிழில் படித்துவிட்டு மூலத்துக்குப் போகலாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஹம்சுன் நாசிகளை ஆதரித்தவர். தன் நோபெல் பதக்கத்தை இட்லரின் பிரசார அமைச்சர் கோயபெல்ஸுக்கே அனுப்பியவர். போருக்குப் பின் நீதிமன்றம் அவருக்கு 3,25,000 குரோனர் தண்டம் விதித்தது. இங்கே அவரைப் புகழ்ந்தால் மேசையில் ஓர் அமைதி விழும். 'எழுத்து பெரிது, மனிதர் வேறு' என்றுதான் பேச்சு போகும். 1928-இல் நோபெல் பெற்ற சிக்ரித் உன்செட்டோ நாசிகளை எதிர்த்து எழுதி, 1940-இல் தப்பியோட வேண்டி வந்தவர்.

2023-இல் நோபெல் பெற்ற யூன் ஃபொஸ்ஸெ எழுதுவது நூநொர்ஸ்க்கில். நோர்வேஜியத்தின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று அது, மற்றது பூக்மோல். வகுப்பில் பூக்மோல் படித்தவர் அவருடைய புத்தகத்தைத் திறந்தால் 'யெய்' இருக்க வேண்டிய இடத்தில் 'எக்', 'இக்கெ'க்குப் பதில் 'இஷ்யெ'. அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அவருடைய பெரிய நாவலில் முற்றுப்புள்ளியும் கிடையாது, ஆகவே அங்கே தொடங்கவேண்டாம். நூநொர்ஸ்க்குக்குள் நுழைய உல்விக்கில் பழத்தோட்டம் பார்த்துக்கொண்டே கவிதை எழுதிய உலாவ் ஹவுகெ (1908–1994) நல்ல வாசல். பத்துப் பன்னிரண்டு வரி, சாதாரணச் சொற்கள். அகராதியோடு ஒரு மாலைக்கு ஒன்று போதும்.

இசையில் க்ரிக்கின் (1843–1907) 'காலை' எல்லோரும் கேட்டிருப்பீர்கள், விளம்பரங்களில் மலையும் ஃபியோர்டும் காட்டி ஒலிக்கும். இப்சனின் 'பேர் கிந்த்' நாடகத்தில் அந்தக் காலை விடிவது மொறோக்கோவில். பேர்கனில் அவர் வீடு ட்ரொல்ட்ஹவுகன். பீபானெ என்ற டிராமில் போய் ஹொப் நிறுத்தத்தில் இறங்கி 20 நிமிடத்துக்கு மேல் நடை. ஏரிக்கரையில் அவர் இசை எழுதிய ஒற்றை அறைக் குடில், கீழே பாறையைக் குடைந்து கல்லறை. பேர்கனில் மழை சொல்லிக்கொண்டு வராது, அதற்கேற்ற சப்பாத்து போடுங்கள்.

கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் ஹார்டிங் ஃபிடிலில் தொடங்கலாம். வில் படும் நான்கு நரம்புகளுக்குக் கீழே வில் படாத நாலைந்து நரம்புகள் தாமாக அதிர்ந்து ரீங்கரிக்கும். சாக்சபோன் கலைஞர் யான் கர்பரெக்கை, இலங்கையில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கரோடு 1980-களில் செய்த ஒலிப்பதிவுகளில் கேளுங்கள். வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் எண்பதுகளிலிருந்தே தமிழர் வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் குடியேறுபவர் வடக்கின் பழங்குடியான சாமி இனத்துப் பாடகி மாரி பொயினெயின் 1989 இசைத்தட்டு 'குலா குலா'வைக் கேட்காமல் இருக்கக் கூடாது. சாமி மக்களின் யொய்க் என்ற பாடல்வகை ஒருவரைப் பற்றிய பாட்டு அல்ல, அந்த ஆளையே குரலில் கொண்டுவருவது என்பார்கள். மிஷனரிமார் பாவமென்று ஒடுக்கிய கலை அது. சாமி மக்களை 'லாப்' என்று அழைக்காதீர்கள், அது வசவு.

தேசிய தினமான மே 17-க்கு முன் தேசிய கீதத்தைப் பழகிவிடுங்கள். எழுதியவர் பியோர்ன்சொன், 1903-இல் நோபெல் பெற்றவர். எட்டுச் சரணங்களில் வழமையாகப் பாடுவது 1, 7, 8. பள்ளியிலிருந்து வரும் தாளில் எல்லாம் இருக்கும், இந்த மூன்றையும் கோடிட்டுக் கொடுங்கள். பிள்ளைக்கு இசை கற்பிக்க ஒவ்வொரு கொமூனெயிலும் (உள்ளூராட்சிப் பகுதி) கூல்தூர்ஸ்கூலெ என்ற கலைப்பள்ளி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பியானோவுக்கும் கித்தாருக்கும் காத்திருப்போர் பட்டியல் நீளம், ஆகவே வந்த உடனே விண்ணப்பியுங்கள். காத்திருக்க முடியாதவர்கள் ஸ்கூலெகொர்ப்ஸ் என்ற பள்ளி வாத்தியக் குழுவில் சேர்க்கலாம். கொர்னெட்டோ கிளாரினெட்டோ அவர்களே இரவல் தருவார்கள். பதிலுக்குப் பெற்றார் டுக்னாட் என்ற கூலியில்லாக் கூட்டு வேலை செய்ய வேண்டும்: ஒருவர் கேக் செய்ய வேண்டும், மற்றவர் பழைய சாமான் சந்தையன்று பள்ளி மண்டபத்துக்குச் சோபா தூக்க வேண்டும்.