வீடு ஜெர்சியில், ஆபீஸ் மன்ஹாட்டனில்: மாநில வரியில் சறுக்கும் இடங்கள்

நியூஜெர்சியில் உள்ள எடிசனில் குடியிருக்கிறீர்கள். வாரத்தில் 2 நாள் மன்ஹாட்டன் ஆபீஸ், மீதி 3 நாள் வீட்டிலேயே வேலை. அந்த 3 நாள் சம்பளத்துக்கு நியூயார்க்கில் வரி கிடையாது என்று நம்பி, வெளிமாநிலத்தில் வசிப்பவர்கள் நியூயார்க்கில் வருமான வரிக் கணக்கு காட்டும் ஐடி-203 படிவத்தில் அதைக் கழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பின்னால் அதிகம் அழவைக்கும் தவறு இதுதான். உங்கள் வசதிக்காக வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அதுவும் நியூயார்க்கில் வேலை செய்த நாள்தான் என்கிறது அந்த மாநில விதி. கம்பெனியின் தேவைக்காகவே வெளியே இருந்தாக வேண்டும் என்றால்தான் விலக்கு. கனெக்டிகட் வீட்டிலிருந்து வேலை பார்த்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கியே இதை எதிர்த்து வழக்காடி, 2003இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் தோற்றார். எனக்கு இந்த விதி நியாயமாகப் படவில்லை. ஆனாலும் மீறினால் வட்டியோடு நோட்டீஸ் வரும்.

சரி, ஜெர்சியிலும் கட்ட வேண்டுமா? நியூயார்க்கில் கட்டியதற்கு ஜெர்சி கிரெடிட் தரும், அதாவது தன் வரியில் கழித்துக்கொள்ள விடும். அதற்கு நியூயார்க் ரிட்டர்னை முதலில் முடிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த தொகையை அப்படியே கிரெடிட்டாகப் போடாதீர்கள்; ரிட்டர்னில் கடைசியாக வந்த வரிதான் கணக்கு.

கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வில் 16ஆம் கட்டத்தைப் பாருங்கள். நியூயார்க்குக்கு ஒரு வரிசை, ஜெர்சிக்கு ஒரு வரிசை, இரண்டிலும் கிட்டத்தட்ட முழுச் சம்பளம் இருக்கும். நியூயார்க் முழுத் தொகையையும் காட்டச் சொல்வதால் வருவது அது. பதறி இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்.

வருடம் முழுக்க ஜெர்சி வீட்டிலேயே வேலை என்றால், வேலையின்மைக் காப்பீடு ஜெர்சிக்குத்தான் போக வேண்டும். வருமான வரி ஓர் ஊருக்கும் காப்பீடு இன்னோர் ஊருக்கும் போவது பேரோலின் பிழை அல்ல.

பென்சில்வேனியாவில் வீடு, ஜெர்சியில் வேலை என்றால் இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. என்ஜே-165 படிவத்தை கம்பெனியிடம் கொடுத்தால் ஜெர்சி வரி பிடிக்க மாட்டார்கள்.

அப்புறம், எச்ஆரிடம் சொல்லாமல் டெக்சாஸுக்குக் குடிபெயர்வது. அவ்வப்போது மன்ஹாட்டன் வந்துபோனால் நியூயார்க் வரி விடாது. டெக்சாஸில் வருமான வரியே இல்லாததால் அங்கே கிரெடிட்டும் கிடைக்காது. கம்பெனிக்கு அங்கே ஆபீஸ் இருந்தால், கிளம்பும் முன்பே உங்களை அந்த ஆபீஸுக்கு எழுத்துப்பூர்வமாக மாற்றச் சொல்லுங்கள்.