பிடியரிசிப் பேணி வைப்பது எப்படி

மூன்று நேரமும் சாப்பிடுகிறவருக்குச் சோற்றுக்கு நன்றி சொல்வது சீக்கிரமே வாய்ப்பாடாகிவிடும், அதனால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

அரிசி வாளிக்குப் பக்கத்தில் மூடியுள்ள பேணி ஒன்று வையுங்கள், பழைய பால்மாப் பேணியே காணும். உலைக்கு அரிசி அளந்தபின், களைவதற்கு முன், அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். மூட்டையிலிருந்து தனியாக எடுத்தால் வீட்டில் ஒருவருக்கும் சோறு குறையாது, பிறகு என்ன பிரயோசனம்? பிள்ளையின் கையால் போட விடுங்கள், சிந்தும், பரவாயில்லை. மந்திரம் ஒன்றும் வேண்டாம், காலபோகத்தில் (மாரி மழையை நம்பிச் செய்யும் வேளாண்மையில்) அந்த நெல்லை வெட்டியவரையோ இன்று அடுப்பு எரியாத ஒரு வீட்டையோ நினைத்தால் சரி. காய்ந்த வேப்பிலை நாலைந்து போட்டு வைத்தால் வண்டு பிடிக்காது.

பேணி நிரம்பியதும் கொடுத்துவிடுங்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் பக்கத்து ஒழுங்கையிலேயே தேவைப்பட்டவர் இருப்பார். இருட்டுப்படுகிற நேரம் பார்த்துக் கொண்டுபோங்கள், படம் எடுக்காதீர்கள். (அரிசிப் பையோடு நிற்கவைத்து எடுத்த முகங்களை முகநூலில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

தூரத்துப் பசிக்கு அரிசியை அனுப்ப முடியாது, நிறுத்துப் பார்த்து, கடை விலைக்குக் காசாக்கி, உலக உணவுத் திட்டம் மாதிரியான இடத்துக்கு அனுப்பலாம். 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பட்டினி கிடந்ததாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது. சூடானிலும் காசாவிலும் பஞ்சம் என்று அறிவித்தபோது வன்னிச் சனத்துக்கு அதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை, 2009-இல் போரின் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சிக்கு முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்றவர்கள்தானே. மே மாதத்தில் அதன் நினைவாகக் கொடுக்கிற அந்தக் கஞ்சியைச் சிரட்டையில் வாங்கிக் குடிக்கும்போது சூடானிலும் காசாவிலும் இருப்பவர்களையும் சேர்த்து நினையுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளையிடம் "அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்குது, நீ கொட்டுறாய்" என்று வெருட்டுவது. பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சிதான் வரும், இரக்கம் வராது. முதலில் குறையப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள். 2022-இல் உலகம் வீணாக்கிய 105 கோடி தொன் உணவில் பாதிக்கு மேல் வீடுகளில் போனதுதான். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் போட்டுப் பிசைந்தால் பழஞ்சோற்றுக்கு அடிபடுவார்கள்.

அப்புறம், வீட்டில் அரிசி முடிந்த நாளில் பேணியிலிருந்தே எடுத்து உலையில் போடுங்கள், கூச்சம் வேண்டாம், கையில் காசு வந்ததும் மறுபடி சேர்க்கலாம்.